சீராக வந்த ஆக்சில்

எனக்கு ஒரு சாமான் சரிப்படவில்லை என்றால் அன்றைக்கே கடைக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியில் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிற கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். சாயம் போன ரவிக்கைத் துணி, மூடி உட்காராத டிபன் கேரியர், ஒரு பக்கம் மட்டும் சூடாகிற இஸ்திரிப் பெட்டி, எதையும் விட்டதில்லை. காசு கொடுத்து வாங்கினது சரியாக இருக்க வேண்டாமா? அப்படிப்பட்ட என்னைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குள் வந்த பொருள் எதுவும் திரும்பி வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது.

காரணம், என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கண்ணு என்பார். நல்ல உயரம், கறுப்பு, கணீரென்ற குரல். அந்தக் குரலில் ஒரு நாளும் "வேண்டாமுங்க" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். "இருக்கட்டுங்க, இதுக்கும் ஒரு இடம் இருக்கும்" என்பார். சொன்னபடி ஓர் இடத்தைக் கண்டும் பிடித்துவிடுவார்.

அவர்கள் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி சுவர்க் கடிகாரமாகவே கொண்டுவந்து குவித்தார்களாம். நானாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடுத்தடுத்த கல்யாணங்களுக்குத் தள்ளிவிட்டிருப்பேன். அக்கா அறைக்கு ஒன்று மாட்டினார். அறை தீர்ந்துபோனதும் மாட்டுக் கொட்டகையில் ஒன்று, பம்புசெட் அறையில் ஒன்று. கூடத்தில் இருந்தது எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். நான் எத்தனை முறை திருகி வைத்தாலும் மறுநாள் அதே பத்து நிமிடம். அதை மட்டுமாவது கழற்றலாமே என்றால், கொடுத்த மாமா வந்து பார்த்தால் அவர் முகம் வாடிவிடுமாம். அந்தக் கடிகாரத்தின் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. பஸ் வருவதற்கு முன்பே போய் வெயிலில் நின்று காய்வோம், அவ்வளவுதான்.

நாயும் அப்படி வந்ததுதான். எஸ்டேட்காரர் ஒருவர் கொடுத்தது, கன்றுக்குட்டி உயரம், ஆனால் ஆளைக் கண்டால் அதற்கு நடுக்கம். அக்கா அதற்கு எங்கள் தேங்காய் லாரியின் பின்பக்கத்தில் இடம் பார்த்துவிட்டார். அது பயந்து மூலையில் ஒண்டிக்கொண்டு உறுமுவதை, பாய்வதற்குப் பதுங்குகிறது என்று நினைத்து ஒருத்தரும் லாரிக்குக் கிட்டே வரமாட்டார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரரும் யாரோ கொடுத்து நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டதுதானே என்று ஒரு நாள் வாய்த்துடுக்காகக் கேட்டுவிட்டேன். முறத்திலிருந்த அரிசி சிதறச் சிரித்தார் அக்கா. "அவியளுக்கும் ஒரு இடம் பாத்து வச்சிருக்கேனே கண்ணு" என்று லாரியின் இடது பக்கத்து சீட்டைக் காட்டினார்.

உண்மைதான். எங்கள் மூத்தாருக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்த்துவிடும். ஓட்டுவது அக்கா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தோளில் ஒரு துண்டைப் போட்டு, செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார். இறங்குகிற இடத்தில் செருப்பு இருக்காது. பொள்ளாச்சி வரைக்கும் ஒவ்வொரு மண்டி வாசலிலும் அக்காவின் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். மூத்தார் பக்கத்தில் உட்கார்ந்து கதவை இறுகப் பிடித்துக்கொண்டு "மெதுவாப் போலாம், மெதுவாப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அந்த லாரி விஷயத்தில்தான் அக்காவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சு நின்றது. அண்ணன் வெள்ளகோவில் பக்கம். மாடு வளர்ப்பதில் பேர் போனவர், வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். நான் கல்யாணமாகி வருவதற்குச் சில வருடம் முன்பு பல்லடத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வாழை மரமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு அக்கா தானே லாரியை ஓட்டிக்கொண்டு போய் மண்டப வாசலில் இறங்கியிருக்கிறார். அங்கே நின்ற நாலு பெரிய மனிதர்கள் அண்ணனைப் பார்த்து, உங்க தங்கச்சிக்கு டிரைவர் பேட்டா எவ்வளவுங்க என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் குசும்பு அவருக்குத் தாங்கவில்லை. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவர் சொன்ன வார்த்தையை எனக்குப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை அக்கா சொன்ன விதம் இது: "லாரி ஓட்டறவ ஊட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்."

சோற்றைத் தொடமாட்டேன் என்று அண்ணன் சொன்னால் தங்கச்சிக்கு எப்படி இருக்கும்? அக்கா அழவில்லை, லாரியை விற்கவும் இல்லை. அம்மா இல்லாத அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன்தான். இத்தனைக்கும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல விடமாட்டார். நான் ஆரம்பித்தாலே, "அவிய குணம் தங்கம், கண்ணு. வாய்தான் வெசையாப் போயிரும்" என்று அடக்கிவிடுவார்.

பிறகு அக்காவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மூத்தாரும் என் கணவரும் வெற்றிலை பாக்கோடு வெள்ளகோவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயம் அக்காவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் தோப்புக்குப் போக ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மழை பிடித்துவிட்டால் அந்தக் களிமண்ணில் லாரி இறங்கினால் ஏறாது. வெட்டிப் போட்ட காய் அப்படியே முளைவிட்டுக் கிடக்கும். கோயமுத்தூரில் சுங்கத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர், முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மாதிரி வண்டியை மாற்றித் தருகிறேன் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வராமல் ஸ்பேனரைத் தொடாத மனிதர். மற்ற நாட்களில் வாயை மூடாத மனிதர். பழைய ராணுவ வண்டியிலிருந்து கழற்றின முன் ஆக்சில் ஒன்று மட்டும் பிடித்துக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அக்கா அதைத் தேடுகிற சேதி உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

காதுகுத்தன்று காலை மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினோம். தோப்பு வழியில் அண்ணன் முன்னால் நடந்து வருகிறார். பின்னால் பெண்கள் தட்டு ஏந்தி வருகிறார்கள்: சேலை, பழம், குழந்தைக்குக் கம்மல். அதற்கும் பின்னால் ஏழெட்டு ஆட்கள் மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி வந்தது ஓர் ஆக்சில். நடுவில் குண்டாக வயிறு, இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி குழாய். அதற்குச் சாமந்தி மாலை, மூன்று இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு. எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், "இதென்னங்க, எண்ணெய்ச் செக்குங்களா?" என்று கேட்டார்.

தங்கச்சி லாரி ஓட்டுகிறாள் என்று சபையில் கோபித்துக்கொண்ட மனிதர், அதே லாரிக்கு ஆக்சிலைச் சீராகத் தூக்கிக்கொண்டு வருகிறார்! எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மன்னிச்சுக்கோ என்று சொல்ல வராது. சொல்வதற்குப் பதில் கையை வேண்டுமானால் வெட்டிக் கொடுப்பார்கள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தைக்கு எடுக்க வைத்திருந்த ஆரத்தியை முதலில் ஆக்சிலுக்கு எடுத்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய எடுத்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை காது குத்திக்கொண்டது. பந்தியில் இலை போட்டார்கள். அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போய் ஒரு தென்னையடியில் நின்றுகொண்டார். ஓர் இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்தார். நான் போய்க் கூப்பிட்டேன். "சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க அம்மணி, சங்கடப்படாதீங்க" என்று என்னிடம் அத்தனை மரியாதையாகச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இளநீர்க் கூட்டை எடுத்து எறிந்திருப்பேன். அக்காவோ ஆக்சிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "பாதி வந்துட்டாங்க கண்ணு. மீதியும் வருவாங்க" என்றார். அன்றிலிருந்து அவருக்கு அந்த ஒரே ஆசைதான். தன் கையால் அண்ணனுக்கு ஒரு வேளை சோறு போட வேண்டும்.

ஆக்சில் சுங்கத்துப் பட்டறைக்குப் போனது. பொருத்தி முடித்து மெக்கானிக்கே தெருவில் ஓட்டிப் பார்த்தார். கேபினில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கம்பி. பின்னால் இழுத்தால் பின்சக்கரம் மட்டும் ஓடும், முன்னால் தள்ளினால் நாலும் இழுக்கும். தள்ளினதுதான் தாமதம், வண்டி ஒரு மாதிரி முனகிக்கொண்டு திமிறியிருக்கிறது. பிறகுதான் அவர் முன்னும் பின்னும் ஆக்சிலைத் திறந்து உள்ளே இருக்கிற பல்சக்கரத்தின் பல்லை எண்ணிப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒத்துப் போகவில்லை. பின்சக்கரம் பத்து அடி போகிற நேரத்தில் முன்சக்கரம் ஏழு அடிதான் போகும். ஒரே நுகத்தடியில் ஒரு மாடு ஓட, ஒரு மாடு நடக்கிற கதை. ஒன்றை ஒன்று இழுத்து, நடுவில் இருக்கிற கம்பியெல்லாம் முறுக்கேறிக்கொள்ளும்.

மாட்டுவதற்கு முன்னால் எண்ண மாட்டீர்களா என்று நான் சண்டைக்குப் போனேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மாலை போட்டு, பொட்டு வச்சு வந்த சாமானுங்க. அதைத் தொறந்து சோதிக்க எனக்கு மனசு வரலீங்க" என்றார். சீர்ச் சேலையை விரித்து இழை பார்ப்பார்களா, சீர்த் தட்டில் பழத்தை அமுக்கிப் பார்ப்பார்களா? அத்தனை பேரும் அந்த ஆக்சிலைத் தூக்கியிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், பல்லை எண்ணவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். ஆக்சிலை விற்ற கடைக்காரர் அண்ணனுக்குப் பழக்கமானவர், பொழுது சாய்வதற்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும் என்றார் அக்கா. சரி, ஆக்சிலின் வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற பல்லை மட்டும் மாற்றலாமே என்றேன் நான். "உள்ள இருக்கறதைக் கழட்டிப் போட்டுட்டு மேல்தோலை மட்டும் வச்சுக்கிட்டு, இது எங்கண்ணன் குடுத்ததுன்னு எந்த மூஞ்சியோட கண்ணு சொல்லுவேன்?" என்றார். அப்படியானால் பின் ஆக்சிலை இதற்குத் தோதாக மாற்ற வேண்டும், ஆனால் அந்தக் கணக்கில் பல் இப்போதைக்குக் கிடைக்காது, தேடிப் பார்க்கிறேன் என்றார் மெக்கானிக். அக்கா இடுப்பில் கை வைத்து லாரியைச் சுற்றி வந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அதையேதான் சொன்னார்.

அதற்கும் இடம் கண்டுபிடித்தார் என்பதுதான் வேடிக்கை. இடம், சேறு. தார் ரோட்டில் சக்கரம் பிடித்துக்கொள்ளும், அதனால் முறுக்கேறும். சேற்றில்தான் வழுக்குகிறதே! வழுக்குகிற வழுக்கலில் அந்த மூன்றடி வித்தியாசம் காணாமல் போய்விடும். மழைக்காலத்தில் பள்ளத்தில் இறங்கும்போது அக்கா சின்னக் கம்பியை முன்னால் தள்ளுவார். பின்சக்கரம் சேற்றை வாரி இறைக்கும், முன்சக்கரம் நிதானமாக அள்ளிப் பிடிக்கும், லாரி இடுப்பை ஆட்டிக்கொண்டு மேலே ஏறிவிடும். மேலே வந்ததும் கம்பி சிக்கிக்கொண்டால் கொஞ்சம் பின்னால் எடுப்பார். முறுக்குத் தளர்ந்து டக்கென்று ஒரு சத்தம் வரும், அப்போது இழுத்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்டால், அக்கா கரையேறிவிட்டார் என்று நான் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன்.

ஓர் ஐப்பசி மழையில் மாப்பிள்ளை வீட்டு வேன் ஒன்று அந்தப் பள்ளத்தில் புதைந்துபோனது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர்கள். பட்டுச் சேலைகள் எல்லாம் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தன. அக்கா கயிறு கட்டி இழுத்தார். மாப்பிள்ளையும் தள்ளுகிறேன் என்று வீராப்பாக இறங்கி, எங்கள் பின்சக்கரம் இறைத்த சேற்றில் முகம் தெரியாமல் நின்றார். எங்கள் கிணற்றடியில் குளிக்க வைத்து, மூத்தார் வேட்டியைக் கட்டிவிட்டு அனுப்பினோம். நன்றி சொல்ல அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்தார்கள். கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சுவர்க் கடிகாரம்.

இதற்கிடையில் அண்ணன் அமாவாசைக்கு அமாவாசை மாசாணியம்மன் கோயிலுக்கு வருவார். போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இளநீர், அவ்வளவுதான். எங்களுக்கும் அன்றைக்குக் கோயில் உண்டு. அக்கா விடியலில் எழுந்து கட்டுச்சோறு கட்டுவார், புளிச்சோறும் தயிர்ச்சோறும். ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் சோறு கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக்கொண்டு வந்து நாய்க்கு வைப்பார். அந்த நாய் கொழுத்ததற்கு அண்ணன்தான் காரணம்.

ஒரு சித்திரை அமாவாசை. மழை பெய்து மாதக்கணக்காகி, ரோடெல்லாம் காய்ந்து கிடந்தது. அண்ணன் இளநீர் குடித்துவிட்டு, இன்றைக்கு நானும் உங்கள் வண்டியிலேயே வருகிறேன் என்றார். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. மூத்தாரைப் பின்னால் நாயோடு ஏற்றினார். கேபினில் அக்கா, நடுவில் நான், இடது பக்கம் அண்ணன். ஊர் தாண்டியதும் அவர் மெல்ல ஆரம்பித்தார். நம் ஆக்சில் ஓடுவதை இன்னும் பார்க்கவில்லையே, போடு பார்க்கலாம் என்றார். ஈர ரோட்டில்தான் நன்றாக இருக்கும் என்று அக்கா சமாளித்தார். "ஏன், வெயிலுக்கு ஓடாதா?" என்று கேட்டபோது அண்ணன் குரல் இறங்கிவிட்டது. அக்காவால் தாங்க முடியவில்லை. சின்னக் கம்பியை முன்னால் தள்ளிவிட்டார்.

லாரி முனகியது. பிறகு உறுமியது. பிறகு நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போய், ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நடுங்கி நின்றுவிட்டது. கம்பியை இழுத்தால் வரவில்லை. பின்னால் எடுத்துப் பார்த்தார், எப்போதும் பலிக்கிற வித்தை அன்றைக்குப் பலிக்கவில்லை. முறுக்கு அவ்வளவு ஏறியிருந்தது. இனி ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் தளரும். ஜாக்கி எங்கே? கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத அக்கா, அதை யாருக்கோ கொடுத்திருந்தார். மூத்தார் ஒரு மொபெட்டை நிறுத்தி, பின்னால் தொற்றிக்கொண்டு ஜாக்கி வாங்கப் போனார். மெதுவாப் போலாம் என்று அந்த மொபெட்காரரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது.

உச்சி வெயில். புளியமர நிழலில் லாரி. அண்ணன் இறங்கி முன்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். அக்கா, "உங்க ஆக்சிலு பலம் சாஸ்திங்கண்ணா, காஞ்ச ரோட்டுக்கு அடங்கறதில்லீங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை மழைக்காலம் இந்தக் கண்ணாமூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ரெண்டு ஆக்சிலுக்கும் பல்லு ஒத்துப் போகலீங்கண்ணா, மொத நாள்ல இருந்தே இப்படித்தானுங்க என்று போட்டு உடைத்துவிட்டேன். சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் சொன்ன நிமிடத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பாதி வரைக்கும் கூட்டி வந்திருந்த அண்ணனை, நான் அந்த ரோட்டோடு திருப்பி அனுப்பப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் தங்கச்சியைப் பார்த்தார். உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று அக்கா தலையாட்டினார்.

"திருப்பிக் குடுத்திருக்கலாமில்ல அம்மணி?"

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்கண்ணா நீங்க. பேச வேண்டியதை எல்லாம் அந்த ஆக்சில்லதான் வச்சுக் குடுத்துட்டுப் போனீங்க. அதை எப்படீங்க திருப்பிக் குடுக்கறது?"

வேட்டி மடிப்புக் கலையாத அந்த மனிதர் ரோட்டில் மண்டியிட்டு லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஆக்சிலின் அந்தக் குண்டு வயிற்றில் மஞ்சளும் பொட்டும் இருந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அக்கா படுத்துக்கொண்டே போய்ப் புதிதாக வைப்பார். அண்ணன் வெளியே வர நேரமாயிற்று. வந்து, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். நான் நம்பின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு கேபினில் ஏறி உட்கார்ந்தார். சீட்டைத் தட்டிப் பார்த்தார். "ஏனம்மணி, இந்தக் கேபினு என்ற ஆக்சிலு மேலதானே நிக்குது?" என்று கேட்டார். ஆமாங்கண்ணா என்றார் அக்கா. "அப்ப இது உன்ற ஊடு இல்லே. எனக்குப் பசிக்குது."

அக்கா சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்த வேகத்தில் மூடி உருண்டு ரோட்டுக்குப் போனது. நான் அதை எடுக்க இறங்கினேன். இறங்கினவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன், அவர்கள் இருவரும் இருக்கட்டும் என்று. இருந்தாலும் காது சும்மா இருக்குமா? புளிச்சோற்றில் உப்பு ஒரு கல் குறைவு என்றார் அண்ணன். அம்மா கைக்கும் அப்படித்தானே இருக்கும் என்றார் அக்கா. நாய் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தன் பங்கு போவதைக் கண்டு முனகியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன். அடுத்த தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, மறுபடியும் தோப்பு வழியில் மேளச் சத்தம். ஒரே ஒரு தவில்காரர், அண்ணன், அவருக்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக அந்தச் சுங்கத்து மெக்கானிக். இரண்டு பேருமாக எங்கெல்லாமோ தேடி, பின் ஆக்சிலுக்குத் தோதான பல்சக்கரத்தைப் பிடித்திருக்கிறார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கு நடுவில், மாலையோடு. இதைப் போட்டுவிட்டால் பின்சக்கரமும் முன்சக்கரத்தின் நிதானத்துக்கு வந்துவிடும், முன்னும் பின்னும் ஒரே கணக்கு.

அக்கா இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். இடுப்பில் கை வைக்கவில்லை, வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் இல்லை. அண்ணனை நேராகப் பார்த்து, "பல்லை எண்ணிப் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தவில்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். கொடுத்ததைக் குறை சொல்லாத வாய், அதுவும் சீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறது! அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எண்ணிவிட்டேன், நம்பிக்கை இல்லை என்றால் நீயே எண்ணிக்கொள் என்றார். அப்படியே வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பல்லுக்கு அடையாளமாகக் குங்குமம் வைத்து அண்ணன் ஒரு தடவை எண்ணினார், அக்கா ஒரு தடவை எண்ணினார். இரண்டு பேருக்கும் வேறு வேறு கணக்கு வந்தது. நீ தாண்டிவிட்டாய், இல்லை நீங்கள்தான் ஒன்றை இரண்டு தடவை எண்ணினீர்கள் என்று ஒரே சண்டை. மெக்கானிக் நடுவில் பேசப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பொங்கல் ஆறிப்போனது.

ஒரு வழியாகக் கணக்கு ஒத்து வந்த பிறகு அண்ணன் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக வீட்டுக்குள் நடந்தார். கூடத்தில் முந்தி ஓடுகிற கடிகாரத்துக்குக் கீழே இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் சும்மா விடுவேனா? லாரி ஓட்டுகிறவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சபையில் சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இந்தப் பல்லைப் போட்டா வண்டி இனிமேல் கட்டை வண்டி வேகத்துலதான் போகுமாமுங்க அம்மணி, மெக்கானிக் சொல்லிப்போட்டாரு," என்றார் அவர். "கட்டை வண்டி ஓட்டற தங்கச்சி ஊட்டுல சாப்புடறதுக்கு எனக்கென்னங்க?"

அவர் சொன்னது பொய்யாகவில்லை. அதற்குப் பிறகு அந்த லாரியைச் சைக்கிள்காரர்கள் மணி அடித்து முந்திக்கொண்டு போனார்கள், மூத்தார் முதல் முறையாகக் கதவைப் பிடிக்காமல் உட்கார்ந்து வந்தார். ஆனால் அது பிறகு நடந்தது. அன்றைக்கு அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கிக் கையை நனைத்து, இலையில் தெளித்தார்.